சதுர அடி விலைக்குள் என்ன இருக்கிறது?

சொந்த மனையில் வீடு கட்டப் போகிறவர் கான்ட்ராக்டரிடம் முதலில் கேட்பது “சதுர அடி என்ன ரேட்?” என்றுதான். பலர் அதற்கு மேல் எதையும் கேட்பதில்லை. ஒருவர் 2,400 ரூபாய் என்கிறார், இன்னொருவர் 2,100 என்கிறார். 1,200 சதுர அடிக்கு மூன்று லட்சத்து அறுபதாயிரம் வித்தியாசம். யாருக்குத்தான் ஆசை வராது? வாஸ்து நாளுக்குள் பூமி பூஜை போட்டாக வேண்டும், ஆடி பிறந்துவிட்டால் ஒரு மாதம் போய்விடும் என்ற அவசரத்தில் குறைவாகச் சொன்னவர் கையில் அட்வான்ஸ் சேர்ந்துவிடுகிறது. வாழ்நாள் சேமிப்பும் இருபது வருட வங்கிக் கடனும் சேர்ந்த ஒரு முடிவு, பல குடும்பங்களில் இப்படி அரை மணி நேரத்தில் எடுக்கப்படுகிறது.

அந்த இரண்டு ரேட்டுகளையும் ஒரே தாளில் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பாருங்கள். கணக்குக்காக இப்படி வைத்துக்கொள்வோம். 1,200 சதுர அடி வீடு, 120 சதுர அடி போர்ட்டிகோ, மொட்டை மாடியில் படிக்கட்டுக்கு மேல் 100 சதுர அடி ஹெட் ரூம். 2,400 சொன்னவர் போர்ட்டிகோவையும் ஹெட் ரூமையும் பாதி அளவாகக் கணக்கிடுகிறார். மொத்தம் 1,310 சதுர அடி, 31,44,000 ரூபாய். 2,100 சொன்னவர் அவற்றை முழு அளவாகவே சேர்க்கிறார். லாஃப்ட், சன்ஷேட் என்று இன்னொரு 80 சதுர அடியையும் சேர்க்கிறார். மொத்தம் 1,500 சதுர அடி, 31,50,000 ரூபாய். குறைந்த ரேட்டில் வீட்டின் விலை ஆறாயிரம் ரூபாய் கூடிவிட்டது. எதை அளப்பது, எப்படி அளப்பது என்று எழுதி வாங்காதவருக்கு இது ரூஃப் போட்ட பிறகுதான் தெரியவரும்.

அளவு முடிந்தால் அடுத்தது, அந்த ரேட்டுக்குள் என்னென்ன அடக்கம் என்பது. சம்ப், செப்டிக் டேங்க், மதில் சுவர், கேட், போர்வெல், மாடியில் தண்ணீர்த் தொட்டி, மொட்டை மாடித் தளத்தில் தட்டோடு பதிப்பது, பிளான் அப்ரூவல் கட்டணம், இபி இணைப்புக்கான டெபாசிட் ஆகியவற்றில் பலவும் பல கான்ட்ராக்டர்களின் ரேட்டில் சேராது. பேஸ்மட்டம் எத்தனை அடி உயரம் என்பதும் அப்படித்தான். சாலையைவிட மூன்றடி உயர்த்துவதுதான் ரேட்டில் அடக்கம் என்று அவர் நினைத்திருப்பார். மழை வெள்ளம் புகுந்த தெரு என்பதால் நீங்கள் ஐந்தடி கேட்பீர்கள். அந்த இரண்டடிக்கான சுவர், மண் நிரப்புதல், படிகள் எல்லாம் எக்ஸ்ட்ரா பில்லாக வரும். கான்ட்ராக்டர் ஏமாற்றுகிறார் என்று இதைச் சொல்ல மாட்டேன். எழுதாததால் வரும் சண்டை இது. எழுதாமல் விட்டதில் இரண்டு பேருக்கும் பங்கு உண்டு, நஷ்டம் மட்டும் பெரும்பாலும் வீட்டுக்காரருக்கு.

பேசிக், ஸ்டாண்டர்ட், பிரீமியம் என்று பேக்கேஜ் போட்டு விற்பவர்களிடமும் இதே கவனம் வேண்டும். “பிராண்டட் டைல்ஸ்” என்று மட்டும் போட்டிருந்தால் அதற்கு ஒரு மதிப்பும் இல்லை. டைல்ஸ் சதுர அடிக்கு எத்தனை ரூபாய் வரை, அது கடை விலையா, ஒட்டுக்கூலியும் சேர்ந்ததா என்று எழுதியிருக்க வேண்டும். தலைவாசல் நிலையும் கதவும் தேக்கா, வேங்கையா? ஒயரிங்கில் லைட்டுக்கு 1.5, பவர் பிளக்குக்கு 2.5, ஏசிக்கு 4 சதுர மில்லிமீட்டர் என்று அளவு சொல்லியிருக்கிறார்களா? சுவருக்குள் போய்விட்ட ஒயரைப் பிறகு யாரும் பிரித்துப் பார்க்கப் போவதில்லை. அதனால்தான் காகிதத்தில் இருக்க வேண்டும்.

ஜிஎஸ்டி கணக்கைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். மெட்டீரியலோடு சேர்த்து வீடு கட்டித் தரும் ஒப்பந்தத்துக்கு 18 சதவீதம் ஜிஎஸ்டி உண்டு. முப்பது லட்ச ரூபாய் வேலைக்கு அது ஐந்து லட்சத்து நாற்பதாயிரம். சொன்ன ரேட்டில் வரி அடக்கமா, தனியா என்பதை முதல் நாளே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். தனி வீடு ஒன்றுக்கான வெறும் லேபர் கான்ட்ராக்டுக்கு, அதாவது சிமென்ட், கம்பி, செங்கல் எல்லாம் நீங்களே வாங்கிக் கொடுத்து அவர் கூலி வேலை மட்டும் செய்யும் ஒப்பந்தத்துக்கு, ஜிஎஸ்டி விலக்கு இருக்கிறது. ஜிஎஸ்டி பதிவு எண் இல்லாதவர் அந்த வரியை உங்களிடம் வசூலிக்கவே முடியாது. வரி கேட்டால் எண்ணோடு கூடிய பில் கேளுங்கள். அந்த எண் உயிரோடு இருக்கிறதா என்பதை ஜிஎஸ்டி இணையதளத்தில் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம்.

இன்னொன்று, “சிமென்ட், கம்பி விலை ஏறினால் வித்தியாசத்தை வீட்டுக்காரர் தர வேண்டும்” என்று பல ஒப்பந்தங்களில் ஒரு வரி இருக்கும். நியாயம்தான். ஆனால் விலை இறங்கினால்? 2025 செப்டம்பர் 22 முதல் சிமென்டுக்கான ஜிஎஸ்டி 28 சதவீதத்திலிருந்து 18 சதவீதமாகக் குறைந்தது. விலை ஏறினால் மட்டும் பேசும் ஒப்பந்தத்தில் அந்தக் குறைப்பால் வீட்டுக்காரருக்கு எந்தப் பலனும் இல்லை. ஒப்பந்தம் போடும் நாளின் சிமென்ட், கம்பி விலையை எழுதி, ஏறினாலும் இறங்கினாலும் இரு பக்கமும் பொருந்தும் என்று கேட்பது உங்கள் உரிமை.

எதில் பேரம் பேசலாம், எதில் கூடாது

ரேட்டை நெருக்கிக் குறைத்தால் லாபம் என்று நம்புகிறோம். லாபம் இல்லாமல் எந்தக் கான்ட்ராக்டரும் வேலை செய்ய முடியாது. ரேட்டில் விட்டதை அவர் எங்கோ பிடிப்பார். பிடிப்பதற்குச் சுலபமான இடம் உங்கள் கண்ணுக்குத் தெரியாத இடம்: கான்கிரீட் கலவை, கம்பியின் இடைவெளி, அஸ்திவாரத்தின் ஆழம், தண்ணீர் ஊற்றிக் க்யூரிங் செய்யும் நாட்கள். பெயிண்டில் குறைத்தால் மூன்று வருடத்தில் திரும்ப அடித்துக்கொள்ளலாம். தூணில் குறைத்ததைச் சரிசெய்ய வழியில்லை.

பணம் மிச்சம் பிடிக்க வேண்டுமென்றால் வீட்டைச் சிறிதாக்குங்கள். 2,400 ரூபாய் ரேட்டில் நூறு சதுர அடி குறைந்தால் 2,40,000 ரூபாய் மிச்சம். முகப்பு அலங்காரம், தேவையில்லாத வளைவு, மூலை முடுக்குகள், ஃபால்ஸ் சீலிங் இவற்றையெல்லாம் பிளான் நிலையிலேயே கழித்துவிடலாம். மேல் மாடியை இப்போது கட்டாமல் அஸ்திவாரத்தை மட்டும் அதற்கேற்பப் போட்டு வைக்கலாம். ரேட்டைக் குறைக்கச் சொல்லாமல், அதே ரேட்டில் சம்பையும் செப்டிக் டேங்கையும் சேர்த்துக்கொள்ளச் சொல்லலாம். இதெல்லாம் அவர் வேலையின் தரத்தைத் தொடாத பேரம்.

தரத்தில் விட்டுக்கொடுக்கக் கூடாதவற்றைத் தெரிந்துகொள்ள இன்ஜினியரிங் படித்திருக்க வேண்டியதில்லை. கான்கிரீட் வேலைகளுக்கான இந்தியத் தர விதி ஐஎஸ் 456. கம்பி கட்டிப் போடும் கான்கிரீட்டுக்கு அது சொல்லும் குறைந்தபட்சத் தரம் எம்-20, கடலோரத்தில் அதைவிட உயர்ந்தது. க்யூரிங்குக்கு, இன்று பரவலாகப் பயன்படும் பிபிசி சிமென்டானால் குறைந்தது 10 நாள் ஈரம் காயாமல் வைத்திருக்க வேண்டும், 14 நாள் என்றால் நல்லது. 15 அடிக்கு உட்பட்ட அகலமுள்ள தளத்துக்குக் கீழே நிற்கும் முட்டுகளை ஏழு நாளுக்கு முன்பும், பீமுக்குக் கீழே நிற்பவற்றை 14 நாளுக்கு முன்பும் எடுக்கக் கூடாது. சென்டரிங் ஷீட்டை அடுத்த சைட்டுக்கு எடுத்துப் போகும் அவசரம் உங்கள் ரூஃபின் மேல் விழ விடாதீர்கள். கம்பி சரியான எடையில் வந்திருக்கிறதா என்று பார்க்கவும் ஒரு எளிய கணக்கு உண்டு. கம்பியின் மில்லிமீட்டர் விட்டத்தை அதே எண்ணால் பெருக்கி 162-ஆல் வகுத்தால் ஒரு மீட்டரின் எடை கிலோவில் கிடைக்கும். 12 மில்லிமீட்டர் கம்பி மீட்டருக்கு ஏறத்தாழ 890 கிராம் இருக்க வேண்டும்.

மண் பரிசோதனையைத் தவிர்க்கச் சொல்லும் எவரையும் நம்ப வேண்டாம். மதுரை, விருதுநகர், தூத்துக்குடி, கோவைப் பக்கங்களில் கரிசல் மண் உள்ள மனைகள் ஏராளம். மழைக்கு உப்பி வெயிலுக்குச் சுருங்கும் மண் அது. பக்கத்து வீட்டுக்காரர் ஐந்தடி வானம் தோண்டினார், நாமும் ஐந்தடி தோண்டுவோம் என்று அங்கே கட்டிய வீடுகளில் சுவர்கள் மூலைவாட்டில் பிளந்து நிற்பதைப் பார்க்கலாம். மொத்தச் செலவில் மண் பரிசோதனையின் பங்கு மிகச் சிறியது.

ஆளைத் தேர்ந்தெடுப்பது

கிரகப்பிரவேசம் முடிந்த புது வீட்டைக் காட்டி ஆர்டர் பிடிப்பது எல்லோரும் செய்வது. புதுப் பெயிண்டில் எந்த வீடும் அழகாகத்தான் இருக்கும். நான்கைந்து வருடத்துக்கு முன் அவர் கட்டிய வீட்டின் முகவரியைக் கேளுங்கள். பாத்ரூம் சுவரின் மறுபக்கம், மொட்டை மாடிக்குக் கீழுள்ள மூலைகள், ஜன்னலுக்கு அடியில் என்று ஈரக்கசிவு வரும் இடங்களைப் பாருங்கள். அந்த வீட்டுக்காரரிடம் “நன்றாகக் கட்டினாரா?” என்று கேட்டால் நன்றாகத்தான் கட்டினார் என்பார்கள். “கடைசிப் பணம் கொடுத்த பிறகு கூப்பிட்டால் வந்தாரா? பேசிய தொகைக்கு மேல் எவ்வளவு ஆனது?” என்று கேளுங்கள்.

இப்போது வேலை நடக்கும் சைட்டுக்கு அவர் இல்லாத நேரத்தில் போய்ப் பாருங்கள். தூண்களில் சாக்கு சுற்றி ஈரமாக இருக்கிறதா, சிமென்ட் மூட்டைகள் தரையில் படாமல் அடுக்கியிருக்கிறார்களா, ஒரு சூப்பர்வைசராவது நிற்கிறாரா? சனிக்கிழமை கூலி சரியாகக் கிடைக்கிறதா என்று கொத்தனாரிடமும் சித்தாளிடமும் பேச்சுவாக்கில் கேட்டுப் பார்க்கலாம். அந்த வட்டாரத்தில் சிமென்ட், கம்பி விற்கும் கடைக்காரருக்கு யார் பாக்கி வைக்கிறார், யார் நாணயமானவர் என்பது அத்துப்படி. ஒரு சைட்டில் வாங்கிய பணத்தை இன்னொரு சைட்டில் போட்டுச் சமாளிக்கும் கான்ட்ராக்டர், கெட்ட எண்ணம் இல்லாதவராக இருந்தாலும், என்றைக்காவது ஒரு வீட்டை நடுவில் நிறுத்துவார். அது உங்கள் வீடாக இருக்கக் கூடாது.

என் உறுதியான கருத்து, கான்ட்ராக்டரின் வேலையைப் பார்வையிட அவரைச் சாராத ஒரு சிவில் இன்ஜினியரை நீங்களே கட்டணம் கொடுத்து வைத்துக்கொள்ள வேண்டும். அஸ்திவாரக் கம்பி, தூண், லிண்டல், ரூஃப் கம்பி என்று கான்கிரீட் போடுவதற்கு முந்தைய நாட்களில் அவர் வந்து பார்த்தால் போதும். அவர் எழுதித் தந்த பிறகே கான்கிரீட் என்று ஒப்பந்தத்தில் சேர்த்துவிடுங்கள். ரேட்டில் நூறு ரூபாய் குறைத்துப் பெறுவதைவிட இந்தக் கட்டணம் உங்களுக்கு அதிகம் காப்பாற்றிக் கொடுக்கும். ஆர்க்கிடெக்ட் என்று சொல்லிக்கொள்பவர் 1972-ஆம் ஆண்டின் சட்டப்படி கட்டடக் கலைஞர் மன்றத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். பதிவு எண்ணைக் கேட்டு வாங்கிச் சரிபார்க்கலாம்.

பணம் வேலையை முந்தக் கூடாது

வீடுகள் எந்த நிலையில் நின்றுபோகின்றன என்று பாருங்கள். பெரும்பாலும் ரூஃப் போட்டு, செங்கல் சுவர் எழுந்து, பூச்சு தொடங்கும் சமயத்தில். காரணம் பணம் கொடுத்த வரிசையில் இருக்கிறது. ஒப்பந்தத்தின்போது 20 சதவீதம், பேஸ்மட்டத்துக்கு 25, லிண்டலுக்கு 20, ரூஃபுக்கு 20 என்று போனால் ரூஃப் காயும்போது 85 சதவீதம் போய்விட்டது. பூச்சு, டைல்ஸ், ஒயரிங், பிளம்பிங், கதவு, ஜன்னல், பெயிண்ட் எல்லாம் மீதி. மொத்தச் செலவில் கிட்டத்தட்ட நாற்பது சதவீதம் பிடிக்கும் வேலைகள் இவை. பதினைந்து சதவீதப் பணத்துக்கு நாற்பது சதவீத வேலையைச் செய்ய யார் வருவார்? போனை எடுக்காமல் இருப்பதே அவருக்கு லாபம்.

ஆகவே ஒப்பந்தத்தில் நீங்கள் பிடிவாதம் பிடிக்க வேண்டிய ஒரே இடம் எது என்று கேட்டால், ரேட்டைச் சொல்ல மாட்டேன், தவணை அட்டவணையைச் சொல்வேன். அட்வான்ஸ் பத்து சதவீதத்துக்கு மேல் வேண்டாம். தவணைகளைச் சிறிது சிறிதாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் முடிந்த வேலைக்குப் பின்னால் வையுங்கள். “ரூஃப் ஆரம்பிக்கும்போது” என்பதற்கும் “ரூஃப் கான்கிரீட் முடிந்து இன்ஜினியர் பார்த்த பிறகு” என்பதற்கும் பல லட்ச ரூபாய் வித்தியாசம் இருக்கிறது. வங்கிக் கடன் வாங்குகிறவர்கள், வங்கி பணம் விடுவிக்கும் கட்டங்களோடு இந்த அட்டவணை ஒத்துப்போகிறதா என்று பார்க்க வேண்டும். கடைசி ஐந்து சதவீதத்தை ஒரு வடகிழக்குப் பருவமழை கடந்த பிறகு தருவதாக எழுதுங்கள். ஒழுகல் எல்லாம் ஐப்பசி, கார்த்திகையில்தான் தெரியவரும். தன் வேலையில் நம்பிக்கை உள்ளவர் இதற்குச் சம்மதிப்பார்.

பணத்தை வங்கி வழியாகவே கொடுங்கள். ஒரே நபரிடமிருந்து ஒரு நாளில், அல்லது ஒரே வேலைக்காக, இரண்டு லட்ச ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாகப் பெறுவது வருமான வரிச் சட்டப்படி தடைசெய்யப்பட்டது. ரொக்கம் கொடுத்தால் ரேட் குறையும் என்பார்கள். பிரச்சினை என்று வந்தால் நீங்கள் கொடுத்ததற்கு ஆதாரம் இருக்காது.

வேலை முடியும் தேதியையும், தாமதமானால் மாதத்துக்கு எவ்வளவு இழப்பீடு என்பதையும் எழுதுங்கள். நீங்கள் கட்டும் வாடகை அளவுக்காவது அது இருக்கட்டும். 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டப்படி, இப்படிக் குறிப்பிட்ட தொகையை உச்ச வரம்பாக வைத்து நியாயமான இழப்பீட்டை நீதிமன்றம் வழங்கலாம். நடுவில் நீங்கள் மாற்றும் ஒவ்வொன்றும், ஒரு ஜன்னலை நகர்த்துவதானாலும், என்ன செலவு, எத்தனை நாள் கூடும் என்று எழுத்தில் ஒப்புக்கொண்ட பிறகே நடக்க வேண்டும். தாமதத்துக்கு “நீங்கள்தானே மாற்றிக்கொண்டே இருந்தீர்கள்” என்ற பதில் வராமல் இருக்க இது ஒன்றே வழி.

பிரச்சினை வந்துவிட்டால்

ரெராவில் புகார் கொடுக்கலாம் என்று பலர் நினைக்கிறார்கள். உங்கள் சொந்த மனையில் கான்ட்ராக்டரை வைத்துக் கட்டும் வீட்டுக்கு ரெரா பொருந்தாது. அது மனையையோ வீட்டையோ பிரித்து விற்பவர்களைக் கட்டுப்படுத்தும் சட்டம். பதிவு செய்யப்பட வேண்டிய திட்டம் ஒன்றில் ஒரே நிறுவனத்திடம் மனையும் வாங்கி, வீட்டையும் கட்டச் சொல்லும் வில்லா வகை என்றால் ரெராவின் பாதுகாப்பு உண்டு. விற்பனை ஒப்பந்தத்தைப் பதிவு செய்யாமல் 10 சதவீதத்துக்கு மேல் வாங்கக் கூடாது, கட்டுமானக் குறைகளை ஒப்படைத்த நாளிலிருந்து ஐந்து வருடத்துக்குள் சொன்னால் 30 நாளில் இலவசமாகச் சரிசெய்ய வேண்டும் என்பவை அதில் உள்ளவை. தனி மனைக்காரருக்கு இந்த ஐந்து வருடம் சட்டத்தால் தானாக வராது. ஒப்பந்தத்தில் எழுதி வாங்கினால்தான் உண்டு.

காவல் நிலையத்துக்குப் போனால் “இது சிவில் மேட்டர்” என்று திருப்பி அனுப்புவது வழக்கம். வேலையைப் பாதியில் விட்டது மட்டுமே மோசடிக் குற்றமாகிவிடாது, ஆரம்பத்திலேயே ஏமாற்றும் நோக்கம் இருந்திருக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் பலமுறை சொல்லியிருக்கிறது. பொய் பில், போலி ரசீது, ஒரே நேரத்தில் பலரிடம் பணம் வாங்கிக்கொண்டு தலைமறைவாவது போன்றவை இருந்தால் கிரிமினல் புகாருக்கு வலு உண்டு.

தனி மனைக்காரரின் உண்மையான இடம் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். வீடு கட்டுவது நுகர்வோர் சட்டத்தின் கீழ் ஒரு சேவை என்று 1993-இல் லக்னோ வளர்ச்சி ஆணைய வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் வீடு கட்டுமானத்தைச் சேவை என்று பெயர் சொல்லியே சேர்த்திருக்கிறது. நீங்கள் கொடுத்த தொகை 50 லட்சம் வரை என்றால் மாவட்ட ஆணையத்திலேயே வழக்கு. நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே போடலாம். ஐந்து லட்சம் வரை கட்டணம் இல்லை, 20 லட்சத்துக்கு மேல் 50 லட்சம் வரை கட்டணம் 1,000 ரூபாய்தான். வக்கீல் கட்டாயமில்லை. எதிர்த் தரப்பு 30 நாளில், மிஞ்சினால் இன்னொரு 15 நாளில் பதில் தர வேண்டும். அதற்குப் பிறகு தரும் பதிலை ஏற்க முடியாது என்பது 2020-இல் அரசியல் சாசன அமர்வு சொன்ன தீர்ப்பு. ஒப்பந்தத்தில் ஆர்பிட்ரேஷன் என்று எழுதியிருப்பதும் உங்களைத் தடுக்காது. தோற்ற கான்ட்ராக்டர் மாநில ஆணையத்தில் மேல்முறையீடு செய்ய வேண்டுமானால் தீர்ப்புத் தொகையில் பாதியைக் கட்டியாக வேண்டும். சட்டத்தில் சொல்லும் மூன்று மாதம், ஐந்து மாதத்தில் வழக்கு முடியும் என்று நம்பிவிடாதீர்கள். அதைவிட அதிகம் ஆகும். ஆனால் வழக்குப் போட இரண்டு வருடக் கால வரம்பு உங்களுக்கு உண்டு. அவர் வருவார் வருவார் என்று காத்திருந்தே அதைத் தொலைத்தவர்கள் இருக்கிறார்கள்.

வழக்குக்குப் போகும் முன் செய்ய வேண்டிய முக்கியமான காரியம் ஒன்று. கான்ட்ராக்டர் வராமல் போனதும் இன்னொருவரை வைத்து வேலையைத் தொடங்கிவிடுவது எல்லோருக்கும் வரும் அவசரம். தொடங்கிவிட்டால் முதல் ஆள் எதுவரை கட்டினார், எங்கே குறை வைத்தார் என்பதற்கான சாட்சி பூசி மறைந்துவிடும். முதலில் பெற்றுக்கொண்டதற்கான அத்தாட்சி கிடைக்கும்படி ஸ்பீட் போஸ்டில் நோட்டீஸ் அனுப்புங்கள். பிறகு தகுதியுள்ள இன்ஜினியரைக் கொண்டு முடிந்த வேலையை அளந்து, அதன் மதிப்பையும் குறைகளையும் படங்களோடு அறிக்கையாக வாங்குங்கள். தேவைப்பட்டால் வழக்குப் போட்டதும், வீட்டைப் பார்வையிட ஒரு கமிஷனரை அனுப்பும்படி ஆணையத்தையும் கேட்கலாம். அதன் பிறகு அடுத்த ஆள். வாட்ஸ்அப் உரையாடலும் சாட்சிதான், ஆனால் அதற்குச் சட்டம் கேட்கும் சான்றிதழை இணைக்க வேண்டும். அதனால் பழைய போனைத் தூக்கிப் போடாதீர்கள்.

வக்கீல் வைக்க வசதி இல்லாதவர்கள் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அணுகலாம். பெண்களுக்கும், பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் வருமான வரம்பு இல்லாமல் இலவச சட்ட உதவி உண்டு. அதற்கான எண் 15100, தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.

வேலை ஏற்கெனவே தொடங்கியவர்களும் தாமதித்துவிடவில்லை. அடுத்த தவணை கொடுக்கும் முன் இதுவரை கொடுத்த பணத்தையும் முடிந்த வேலையின் மதிப்பையும் ஓர் இன்ஜினியரிடம் கணக்குப் பார்க்கச் சொல்லுங்கள். பணம் முந்தியிருந்தால் வேலை அதை எட்டிப் பிடிக்கும்வரை அடுத்த தவணையை நிறுத்தி வையுங்கள்.